சேணக்காரர் தைத்த கோட்டு

ஜிப் அன்றைக்கும் அதே இடத்தில் நின்றுகொண்டது. கோட்டின் அடியிலிருந்து நாலு விரற்கடை மேலே ஒரு பல் வளைந்திருந்தது. அங்கே வந்துவிட்டால் மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. காளிதாஸ் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றான்.

"வர்ணம், இதச் சித்த பாரு."

பஞ்சவர்ணம் அவரைக்கொட்டையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். மார்கழி பிறந்து நாலு நாள். அக்ரஹாரம் பேட்டைக் கடைகளில் அவரைக்காய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் கட்டையில் இருந்த மெழுகுவர்த்தித் துண்டை எடுத்தாள். அந்தத் துண்டு அங்கே இருப்பதே இந்த வேலைக்குத்தான்.

"வருசம் மூனு ஆச்சு. ஒரு நாளாச்சும் இது சும்மா ஏறுதுங்ளா? அதத் தெச்ச பாய்கிட்டக் குடுத்து வேற ஜிப்பு வெச்சுப்போடலாமுங்."

"வெச்சுப்போட்டா நீ கிட்ட வரமாட்டயே."

"காலங்காத்தால பேச்சப் பாரு. மூச்ச இழுங்."

அவன் வயிற்றை எக்கினான். அவள் மெழுகைப் பல்லின் மேல் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, கீழ்நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இழுத்தாள். ஜிப் வளைந்த பல்லைத் தாண்டிச் சர்ரென்று கழுத்துவரைக்கும் போயிற்று. அவன் தூக்குப்போசியை சைக்கிளில் மாட்டினான்.

"பொழுதோட வந்து நானும் தோலு பிதுக்கறன். கொட்டய ரொம்ப ஊற உட்றாத, கொளகொளன்னு போயிரும். ரெண்டு களி உருண்ட சேத்திக் கிண்டு."

வாசலைத் தாண்டும்போது கோட்டு கிறீச் கிறீச்சென்றது. சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

மத்தியானம் இரண்டரைக்கு சந்துரு வந்தான். கொத்து வேலையில் காளிதாஸுக்குப் பக்கத்தில் நின்று பூச்சுக் கரண்டி பிடிக்கிறவன், கொள்ளேகாலத்துப் பக்கம், ஆள் மலை மாதிரி இருப்பான். அவன் வாசலில் நின்றதைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் முழங்கையில் கோட்டு தொங்குவதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வேலை செய்யும் இடத்தில் காளிதாஸ் கோட்டைக் கழற்றி, அவள் தைத்துக் கொடுத்த தலையணை உறைக்குள் போட்டு, காரை தெறிக்காத அறையில் தானேதான் மாட்டுவான். அதை ஒருநாளும் இன்னொருவன் கையில் கொடுத்தவனில்லை. சந்துரு வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாருங் தங்கச்சி," என்றான் சந்துரு. "சாரத்து மேல இல்ல, கீழதான். தண்ணி கேட்டாரு. நா கொண்டாரதுக்குள்ள…"

அவள் முதலில் கோட்டைத்தான் கையில் வாங்கினாள்.

*

அந்தக் கோட்டு வந்த கதை அந்த வரிசையின் ஆறு வீட்டுக்கும் தெரியும்.

ஜெயலட்சுமிபுரத்தில், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்குக் காளிதாஸ் சுற்றுச்சுவர் பூசிக்கொண்டிருந்தான். மழைக்காலம் முடிந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் பெட்டியிலிருந்து ஒரு தோல் கோட்டை எடுத்துக் கொடியில் காற்றாடப் போட்டார். காளிதாஸ் கரண்டியும் கையுமாக அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கலவை காய்ந்துபோனது. பெரியவர் கவனித்துவிட்டு, வேண்டுமானால் போட்டுப் பார் என்றார். இவன் குழாயடிக்குப் போய் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து போட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு காப்பி குடிக்கிற நேரம். அவ்வளவுதான்.

"எப்பிடி இருந்துச்சுங்?" என்று அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் கேட்டாள்.

அவன் யோசித்துத்தான் சொன்னான். "பூச்சு இல்லாத செங்கச் செவுரு இருக்குதல்ல? மழ பேஞ்சா உறிஞ்சிக்கும். வெயிலடிச்சாக் காஞ்சுக்கும். நாம அல்லாரும் அப்பிடித்தான் நடந்துட்டிருக்கறம். அதப் போட்டதும் பூச்சு வேல முடிஞ்சாப்பல ஆயிருச்சு வர்ணம். மழயெல்லாம் அக்கட்டால நின்னுக்கும்."

அதற்குப் பிறகு நாலு வருஷம் அவன் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை. ரேடியோ வாங்கலாம் என்றாலும் சிரிப்பான். தசராவுக்குச் சட்டை எடுக்கலாம் என்றாலும் சிரிப்பான். கடைகளில் தொங்கிய கோட்டுகளைப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, இது ரெக்ஸின், தோல் இல்லை என்று திரும்பி வருவான். கடைசியில் மண்டி மொஹல்லாவில் டாங்கா குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் தைக்கிற அமீர்ஜானிடம் போய் நின்றான்.

"கோட்டா?" என்றார் அமீர்ஜான். "நான் குதிரைக்குத் தைக்கிற ஆளப்பா."

"நானும் பாரம் சொமக்கறவந்தான் பாய். அளவெடுங்."

அமீர்ஜான் குதிரைக்கு எடுப்பதைப்போலவே கயிற்றை நெஞ்சைச் சுற்றிப் போட்டு முடிச்சிட்டு அளவெடுத்தார். தைத்து முடிக்க மூன்று மாதம் ஆனது. உள்ளே கொடுக்கத் துணி இல்லையென்றதும் பஞ்சவர்ணம் தன் பழைய நீலச் சேலையைக் கொடுத்தனுப்பினாள். ஜிப், யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு சூட்கேஸிலிருந்து பிரித்தது. பித்தளைக் குமிழை அடித்து இறக்கும்போது சுத்தியல் நழுவி ஜிப்பில் ஒரு பல் வளைந்துவிட்டது. மாற்றித் தருகிறேன், இரண்டு நாள் கழித்து வா என்றார் அமீர்ஜான். இரண்டு நாள் பொறுக்க இவனால் ஆகவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

புளியங்கொட்டை நிறம். சேணத்துக்குப் போடுகிற மெழுகு நூலில் வெள்ளை வெள்ளையாக இரட்டைத் தையல். அசைந்தால் கிறீச்சிட்டது. பக்கத்து வீட்டுக் கௌரம்மா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தாள். "ஏனு காளிதாஸு, குதுரே பந்து. டாங்கா எல்லி?" என்றாள். குதிரை வந்துவிட்டது, வண்டி எங்கே என்று கன்னடத்தில்.

காளிதாஸ் தலையைத் தூக்கி ஒரு கனைப்புக் கனைத்தான். குழாயடியே சிரித்தது. அன்றிலிருந்து கௌரம்மா அவனைப் பார்க்கும்போதெல்லாம் "டாங்கா எல்லி?" என்பாள். அவன் கனைப்பான். மகள் தீபா வெட்கத்தில் உள்ளே ஓடிவிடுவாள்.

சித்திரை வெயிலிலும் பொழுது சாய்ந்ததும் குளித்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்ரஹாரத்துத் தெருக்களில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவான். கழுத்தில் வேர்வை ஓடும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனால் ரங்கநாதர் கோயில் வாசலோடு நின்றுவிடுவான்.

"உள்ள வந்து ஒரு கும்புடு போட்டுட்டு வந்தா என்னங்?"

"போட்டுட்டு வந்தாத் தோலுன்னு தொரத்துவாங்க. கழட்டி வெச்சா எவனாச்சும் தூக்கீட்டுப் போயிருவான். சாமி எங்க போயிருது. நீங்க போயிட்டு வாங்க, நாஞ் செருப்பப் பாத்துக்கறன்."

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, சுற்றிலும் இருபது முப்பது ஜோடிச் செருப்புக்கு நடுவில், அவன் வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவனிடம் செருப்பை விட்டுப் போயிருப்பார்கள்.

*

அன்னூரிலிருந்து பழனாத்தாள் வந்தாள். காளிதாஸின் அக்கா, பஞ்சவர்ணத்துக்கு நங்கை. அம்மா இல்லாத பையனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் அவள்தான். வந்து இரண்டு நாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைக் கையில் எடுத்தாள். பாத்திரம் தேய்த்தாள், பாய் தட்டினாள், வந்த உறம்பரைச் சனத்துக்குச் சோறு வடித்தாள். பஞ்சவர்ணத்துக்கு இரண்டு வெள்ளைச் சேலை வாங்கி வரச் சொன்னதும் அவள்தான். அது வந்தபோது மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

"கருமாதிக்குள்ள அவம் மேல பட்டது ஒன்னும் ஊட்டுல இருக்கக்கூடாது கண்ணு," என்றாள் ஒரு நாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. "சர்ட்டு, வேட்டி, துண்டு, அல்லாத்தையும் மூட்ட கட்டி வெய்யி. ஊர்லிருந்து சலவக்காரன் வாரான். குடுத்து உட்ருவம்."

"கட்டியாச்சுங் நங்கை."

"அந்தத் தோலு எங்க?"

பஞ்சவர்ணம் குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான். காதுல உளுகுதா?"

"அது துணி இல்லீங்ளே."

"துணி இல்லீன்னா? மாட்டுத் தோலு. உசுரோட இருக்கறப்பவே அவனக் கோயலுக்குள்ள உடாத பண்ணுன தோலு. இப்ப செத்தவன் தீட்டும் அதுல. நீ அத வெச்சுட்டிருந்தீன்னா அவன் போற வழிய உட்டுப்போட்டு இதையே சுத்தீட்டு வாசல்ல நிப்பான்."

"நிக்கட்டுமுங்."

பழனாத்தாள் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கினாள். வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிறுக்கி," என்றாள். பிறகு, "அத மட்டும் கேக்காதீங்ன்னு சொல்றயா?" என்றாள்.

"அத மட்டும் கேக்காதீங் நங்கை."

கோட்டு டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், தலையணை உறைக்குள் இருந்தது. தீபா பள்ளிக்கூடம் போய், பழனாத்தாள் கண்ணயர்கிற மத்தியானங்களில் பஞ்சவர்ணம் அதை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். முழங்கை இரண்டும் மடங்கியே இருந்தன. சைக்கிள் பிடித்துப் பிடித்து அப்படி ஆகிவிட்டது. தோளில் அவன் தோள் இருந்தது. முகத்தை உள்ளே புதைத்தால் முதலில் சுண்ணாம்பு; அதற்கப்புறம் தேங்காயெண்ணெய்; ரொம்ப உள்ளே, அக்குளுக்குப் பக்கத்தில், அவன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் முகருவாள். அடிக்கடி முகர்ந்தால் தீர்ந்துவிடுமென்று பயந்தாள்.

*

பதினோராம் நாள் அவளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, ஆற்றுக்குக் கூட்டிப்போனார்கள். சந்துரு டெம்போ சொல்லியிருந்தான். பழனாத்தாள் வரவில்லை.

"எனக்கு முட்டி வலி, ஆத்துப் படி எறங்க ஆவாது. ஊட்டக் கழுவி உடோணும், படையலுக்கு ஆக்கோணும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்ற கழுத்துலருந்து கயிறு எறங்கறத நாங் கண்ணால பாக்கமாட்டங் கண்ணு. போயிட்டு வந்துரு," என்றாள்.

காவேரியில் தண்ணீர் ஐஸாக ஓடியது. தலைமுழுகி எழுந்தபோது யாரோ அவள் மேல் வெள்ளைச் சேலையைப் போர்த்தினார்கள். டெம்போ கோயில் வழியாகத்தான் திரும்பியது. வாசலில் செருப்புகள் கிடந்தன. அவற்றுக்கு நடுவே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

வீடு வந்து சேர உச்சிப்பொழுது. வாசலெல்லாம் கழுவி விட்டிருந்தது. கொடியில் போர்வை, தலையணை உறை, திரைச்சீலை எல்லாம் காய்ந்தன. கடைசியில், இரண்டு கையையும் நேராக நீட்டிக்கொண்டு, கோட்டு தொங்கியது.

பழனாத்தாள் நனைந்த சேலையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். முகத்தில் பத்து நாளாக இல்லாத ஒரு தெளிவு.

"நீ கேட்டயேன்னுதான் கண்ணு," என்றாள். "ராவெல்லாம் ரோசன பண்ணுனன். தொவச்சுப்போட்டாத் தீட்டுப் போயிரும். தீட்டுப் போச்சுன்னா ஊட்டுலயே வெச்சுக்கலாமல்ல, ஒருத்தரும் ஒன்னும் சொல்லமுடியாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி காய வெச்சு, சோடாப்புப் போட்டு ஊற வெச்சு, கல்லுல நாலு அடி அடிச்சன். எத்தன அழுக்குங்கற? தண்ணி காப்பியாட்டமே வந்துச்சு."

பஞ்சவர்ணம் கொடியருகே போனாள். வெயிலில் அது வறட்டியாய் விறைத்திருந்தது. சுருங்கிப் போயிருந்தது. தோள் இல்லை. முழங்கை மடிப்பு இல்லை. முகத்தை உள்ளே வைத்தாள். சோடாப்பு நாறியது.

"தண்ணிய எங்க ஊத்துனீங்?" என்று கேட்டாள்.

"எங்க ஊத்துவாங்க, சாக்கடயிலதான்."

அவள் சாக்கடையைப் பார்த்தாள். சிமெண்டுத் தடத்தில் ஒரு பழுப்புக் கறை காய்ந்துகொண்டிருந்தது. காளிதாஸ் பூசிய தடம் அது. பழனாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள்; அப்போதுதான் அது சின்னதாகிப் போயிருப்பது அவள் கண்ணில் பட்டது.

"காஞ்சாச் செரியாயிருமல்ல?" என்றாள்.

"ஆயிருமுங்," என்றாள் பஞ்சவர்ணம்.

படையலில் இரண்டு களி உருண்டையும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் வைத்தார்கள். பருப்பைப் பஞ்சவர்ணமும் பழனாத்தாளும் எதிரெதிரே உட்கார்ந்து பிதுக்கினார்கள். கொட்டை பதமாக ஊறியிருந்தது.

*

மாசம் திரும்பும்வரை வாசற்படி தாண்டக்கூடாது என்றார்கள், தாண்டவில்லை. கோட்டு டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் அட்டைபோலச் சாய்ந்து நின்றது. பழனாத்தாள் அந்தப் பக்கம் பெருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் கௌரம்மாதான் குழாயடியில் அவளிடம் சொல்லிவிட்டாள், தோலை வெந்நீரில் போடுவார்களா, செத்துப்போகுமே என்று. அன்றைக்குப் பழனாத்தாள் சாப்பிடவில்லை. கேட்டதற்கு ஏகாதசி என்றாள். ஏகாதசி இல்லை.

தை பிறந்து ஒரு காலையில் பஞ்சவர்ணம் கோட்டை ஒரு பையில் திணித்துக்கொண்டு மண்டி மொஹல்லாவுக்கு நடந்தாள். அமீர்ஜான் தொடைக்கு நடுவே ஒரு வாரைக் கவ்வவைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பிரித்துப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரம்மா இப்படிப் பண்ணது?"

"அவரோட அக்காங். தொவச்சுட்டாங்க."

"மழைல குதிரையே நனைஞ்சாலும் சேணத்தைத் தனியா கழட்டி நிழல்ல போடுவோம். இதைக் கொண்டுபோய்…" அவளுடைய வெள்ளைச் சேலையை அப்போதுதான் கவனித்தார். "எப்போ?" என்றார்.

"மார்கழிங்."

"எனக்கு யாரும் சொல்லலையே." கோட்டின் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "போன தசராவுக்கு வந்தான். டாங்கா ஸ்டாண்டுல எல்லாரும் கூப்பிட்டாங்க, ஒரு குதிரை குறையுதுன்னு. கனைச்சிட்டுப் போனான்."

"பழயபடி பண்ணமுடியுங்ளா பாய்?"

"பெருசாகாதும்மா. சுருங்குனது சுருங்குனதுதான். மெதுவாக்கலாம்."

"வாசன…" என்று தொடங்கினாள்.

"வாசனையா?"

"ஒன்னுமில்லீங். மெதுவாக்கிக் குடுங்."

விளக்கெண்ணெயில் மெழுகைக் கரைத்துச் சூடுபண்ணி, துணியில் தொட்டு, விரல் விரலாகத் தேய்த்தார். மத்தியானம் ஆயிற்று. அவள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வறட்டி தோலாயிற்று. புளியங்கொட்டை நிறம் கறுத்துப்போய் மறுபடி வந்தது.

"இப்போ யாராவது போட்டுக்கணும்," என்றார் அமீர்ஜான். "சூடு ஆறதுக்குள்ள உடம்பு மேல ஏறணும். ஆணியில மாட்டுனா ஆணி மாதிரிதான் நிக்கும். சேணம்னா நான் குதிரை மேலயே போட்டு நடத்திட்டு வருவேன். வீட்ல பையன் இருக்கானா?"

"பொண்ணுங். சின்னது."

"கூட வேலை செஞ்சவங்க?"

சந்துருவின் உடம்பு நினைவுக்கு வந்தது. அவன் கைகூட இதற்குள் நுழையாது. அமீர்ஜான் காத்திருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல், எண்ணெய்ச் சட்டியை நகர்த்தி வைப்பவர்போலக் குனிந்துகொண்டு கோட்டை மட்டும் நீட்டினார்.

அவள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு கையை விட்டாள். உள்ளே வழவழவென்று ஏதோ கையைத் தொட்டது. நீலம் வெளிறிப்போன அவளுடைய பழைய சேலை. மற்றொரு கையையும் விட்டாள். கை மணிக்கட்டில் வந்து நின்றது. தோளில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. வெதுவெதுவென்றிருந்தது. எண்ணெய்ச் சூடுதான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

"நடங்கம்மா," என்றார் அமீர்ஜான். "நடந்தாத்தான் அது படியும்."

மண்டி மொஹல்லாவிலிருந்து அக்ரஹாரத்துக்கு வெள்ளைச் சேலையும் தோல் கோட்டுமாக நடந்தாள். ஸ்கூட்டரில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழியில் ஒரு கோயில் முன்னால் வந்தபோது வாசலில் கிடந்த செருப்புகளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டாள். காற்று சில்லென்று அடித்தது. அது கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. தெருமுனை திரும்புகையில் தோலில் முதல் கிறீச் கேட்டது. முன்னைவிட மெலிந்த சத்தம். அவள் நடைக்கு வேகமும் வேறு. ஆனாலும் அவள் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று, மறுபடி வைத்துக் கேட்டாள்.

குழாயடியில் கௌரம்மா இருந்தாள். டாங்கா எங்கே என்று அவள் கேட்பாளெனப் பஞ்சவர்ணம் எதிர்பார்த்தாள். கேட்க வேண்டுமென்று உள்ளூர ஆசையாக இருந்தது. கௌரம்மா வாயெடுத்தாள், பிறகு குடத்தை ஓரமாக இழுத்து வழி விட்டாள்.

வீட்டில் பழனாத்தாள் அன்னூர் போகத் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுச் சட்டென்று வாசலைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் என்னவோ வந்து போயிற்று. தீபா சிலேட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"போட்டுட்டே வந்தயா?" என்றாள் பழனாத்தாள்.

"பாய் போட்டுக்கச் சொன்னாருங். படியற வரைக்கும்."

"எத்தன நாளைக்கு?"

"படியற வரைக்குமுங்."

தோல் தீட்டு என்று பழனாத்தாள் சொல்லவில்லை. சுற்றிவந்து பார்த்தாள். முதுகுத் தையலைத் தொட்டாள். கையில் எண்ணெய் பட்டதைத் தலையில் தடவிக்கொண்டாள்.

"சளி புடிச்சுக்கும். மாரத் தொறந்து போட்டுட்டு நிக்கறா பாரு. ஜிப்ப ஏத்து," என்றாள்.

பஞ்சவர்ணம் குனிந்து ஜிப்பைக் கோத்து இழுத்தாள். அடியிலிருந்து நாலு விரற்கடை ஏறியது. நின்றது. மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். அசையவில்லை.

பழனாத்தாள் பதறிப்போய்க் கிட்டே வந்தாள். "என்னாச்சு கண்ணு? நா வெந்நீல போட்டதுல அதுவும் கெட்டுப்போச்சா?"

"இல்லீங் நங்கை," என்றாள் பஞ்சவர்ணம். "அது மொதல்லருந்தே அங்கதான் நிக்கும்."